கால்நடையால் தமிழ் கற்ற கால்டுவெல் ஐயர்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

தோற்றுவாய்

பிறமொழி கற்க விழைவோர்க்கு இந்நாளில் வழிகள் பல. அகராதியும் இலக்கணமும் இருந்த இடத்திலேயே கிடைக்கின்றன. ஆயினும் ஸ்பானிய மொழியைக் கற்க விரும்பும் இளைஞர் பலர் ஸ்பெயின் தேயத்திற்கும், மெக்சிகோ, பெரு முதலிய நாடுகளுக்கும் சென்று, ஊரார் வீடுகளில் உறைந்து, அவரோடு ஒக்க உண்டு, அவர்தம் மலைகளிலும் காடுகளிலும் உடன் உலாவி, அம்மொழியைப் பயின்று வருகின்றனர். ஏட்டிற் கற்றது நாவில் ஏறுதற்கு அதுவே நேர்வழி என்பது அன்னார் துணிபு.

இவ்வழி புதியது போலத் தோன்றினும், நம் தமிழகத்திற்கு மிகப் பழையது. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவ போதகர் எனப்படும் ராபர்ட் டி நோபிலி, தமிழ் நாட்டுத் துறவியின் உடையும் உணவும் மேற்கொண்டு தமிழ் பயின்றார். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுவர்களோடு ஒரு சிறுவராய்த் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிக் கற்றார். அவர்க்குச் சில ஆண்டுகள் பின்னே வந்த வீரமாமுனிவர், தமிழ்ப் புலவரே வியக்கும் காப்பியம் செய்யும் அளவிற்கு இம்மண்ணோடு ஒன்றினார். இவ்வரிசையில் வந்து, நூல்களாற் கற்ற தமிழைக் கால்நடையால் நிறைவு செய்து, அத்தமிழின் சுற்றத்தையும் உலகிற்கு அறிவித்தவர் ராபர்ட் கால்டுவெல் ஐயர். அப்பெரியாரின் வாழ்க்கையை, அவர் நம் மொழியைக் கற்ற வகை விளங்குமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

கால்டுவெல் ஐயர் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்து நாட்டில், பெல்பாஸ்டு நகருக்கு அருகேயுள்ள கிளாடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். அவர் சிறுவராய் இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் உள்ளம் ஓவியக் கலையில் நாட்டம் கொண்டது. டப்ளின் நகரிற் சில ஆண்டு அக்கலையைப் பயின்றார். பொருளை உற்று நோக்கும் பழக்கம் அப்பயிற்சியில் வேரூன்றியது போலும். பிற்காலத்தில் அவர் மனிதரையும் மணலையும் மரத்தையும் கண்டு எழுதியவற்றில் அப்பழக்கம் நன்கு புலனாகின்றது.

பின்னர்ச் சமயத் தொண்டில் வேட்கை மிகுந்து, 1834ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்தார். அச்சங்கத்தின் சார்பில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் கல்வி பயிலும் வாய்ப்பு நேர்ந்தது. ஆங்குக் கிரேக்க மொழிப் பேராசிரியராய் விளங்கிய சாண்ட்போர்டு என்பார், மொழிகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பு நோக்கும் முறையின் இனிமையை மாணவர்க்கு ஊட்டினார். அவ்வித்து கால்டுவெலின் உள்ளத்தில் விழுந்தது. அது முளைத்துத் தழைத்துக் கனி தருதற்குத் தமிழ் நிலம் வேண்டியிருந்தது.

கடற் பயணமும் சென்னை வாழ்வும்

1837ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே மேரி ஆன் என்னும் கப்பலில் இந்தியாவிற்குப் புறப்பட்டார். வழியில் அக்கப்பல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றோடு மோதிப் பெருவிபத்திற்கு உள்ளாயிற்று. அவ்விடரினின்றும் பிழைத்து, 1838ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் சென்னைத் துறையை அடைந்தார். அக்கப்பலில் உடன் வந்தவருள் ஒருவர், தெலுங்கு மொழிக்கு அருந்தொண்டு புரிந்த சி. பி. பிரௌன் என்னும் அறிஞர். நெடுங்கடலில் நாள்கள் மெல்லக் கழிந்தமையால், கால்டுவெல் அவரிடம் தென்னாட்டு மொழிகளைப் பற்றி அறியும் பேறு பெற்றார். ஆசிரியர் அமைந்தால் கப்பலும் கல்லூரியாம் அன்றோ!

சென்னையில் அவர் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கினார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரு ஐயரின் நட்பு அவர்க்கு அங்கே வாய்த்தது. இலக்கணமும் இலக்கியமும் முறையே பயின்றார். எனினும் நூல் கற்ற தமிழ் ஒன்று, தெருவில் வழங்கும் தமிழ் ஒன்று என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆங்கிலம் அறிந்தோர் நிறைந்த சென்னையில் ஐரோப்பியர் ஒருவர் தமிழ் பேசாமலே பல்லாண்டு வாழ்ந்துவிடக் கூடும். துபாஷிகள் அதற்கென்றே இருந்தனர். இவ்வசதியே தமிழ்க் கல்விக்குத் தடை என்பதனை அறிந்தவர் சிலரே. அச்சிலருள் கால்டுவெல் ஒருவர்.

கால்நடைச் செலவு

1841ஆம் ஆண்டில் அவர் எஸ்.பி.ஜி. சங்கத்திற் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையில் பணிபுரிய ஒருப்பட்டார். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே நேர்வழியே ஏறக்குறைய 400 மைல். அந்நாளில் தென்னாட்டில் இருப்புப்பாதை இல்லை. முதல் ரயில் வண்டி சென்னை இராயபுரத்தினின்று ஓடியது 1856ஆம் ஆண்டிலேதான். வசதியுடைய ஐரோப்பியர் பல்லக்கிலும் குதிரையிலும் வண்டியிலும் செல்வதே வழக்கம். நடந்து செல்வது அவர்தம் மதிப்பிற்கு இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது. கால்டுவெலோ நடந்தே செல்லத் துணிந்தார். மக்களின் நடையுடை பாவனைகளை நேரிற் காணவும், அவர் பேச்சைக் காதாரக் கேட்டுப் பழகவும், நாட்டின் தட்ப வெப்பத்திற்கு உடலை இசைவிக்கவும் அதனினும் சிறந்த வழி இல்லை என்று அவர் எண்ணினார்.

அவர் சென்ற வழியை நிலப்படத்தில் விரலால் தொட்டுப் பார்ப்பின் வியப்புண்டாகும். சென்னையினின்று தெற்கே கடலோரமாகச் சோழநாடு புகுந்தார். சீகன்பால்கு மணலில் எழுதிய தரங்கம்பாடியையும், காவிரி வளம் படைத்த கும்பகோணத்தையும் கண்டார். சுவார்ட்ஸ் ஐயரின் தொண்டினால் பெயர் பெற்றதும், வேதநாயக சாஸ்திரியார் அந்நாளில் வாழ்ந்திருந்ததுமாகிய தஞ்சையை அடைந்தார். அப்பாற் திருச்சிராப்பள்ளி. பின்னர் மேற்கே திரும்பி நீலகிரி மலை ஏறினார். உதகமண்டலத்திற் சில நாள் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் சென்னை அத்தியட்சராகிய ஸ்பென்சர் அவரை உதவிக் குருவாக அபிஷேகம் செய்தார். மலையினின்று இறங்கிக் கோயமுத்தூர் வழியே மதுரை சேர்ந்து, அதன்பின் பாண்டிநாட்டின் தென்கோடியை நோக்கி நடந்தார்.

இச்செலவினால் விளைந்த பயன் யாது? பல்லக்கில் செல்வோன் ஊர்களைத் தாண்டுகின்றான். நடந்து செல்வோன் ஊர்களினூடே புகுகின்றான். அடுத்த சத்திரம் எத்துணைத் தொலைவு, ஆற்றில் வெள்ளம் உண்டோ, குடிநீர் எங்கே கிடைக்கும் என்று வழிநெடுகப் பிறரை வினவாமல் அவனுக்கு ஒரு நாளும் கழியாது. வினவும் மொழி விளங்காவிடின் அன்றிரவு உணவும் உறையுளும் ஐயமாம். தேவை ஆசிரியனாக அமையும்போது பாடம் மறப்பதில்லை.

மற்றும் ஒரு நன்மை உண்டு. சென்னைப் பேச்சு, தஞ்சைப் பேச்சு, கொங்குநாட்டுப் பேச்சு, மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு என்னும் இவையெல்லாம் அவ்வழியில் ஒன்றன்பின் ஒன்றாக அவர் செவியில் வந்து சேர்ந்தன. தஞ்சையார் வந்தாங்க என்பதை நெல்லையார் வந்தாக என்பர். கொங்கர் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு மரியாதையைச் சேர்ப்பர். வண்டியிலே விரைந்து செல்வோர்க்கு இவை தனித்தனித் துண்டுகளாகத் தோன்றும். நடப்பவர்க்கோ ஒரு பேச்சு மெல்ல மெல்ல மற்றொரு பேச்சாக மாறும் வகை, நாளொரு காதமாகப் புலப்படும். நீலகிரியிலோ தோடரும் கோத்தரும் படகரும் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சுகள் தமிழினின்று வேறுபட்டும், ஆங்காங்கே தமிழின் சாயலுற்றும் ஒலிப்பன. ஒரு தாய்மொழி பல கிளைகளாகப் பிரியும் முறையை நூலிற் படித்தவர்க்கு, அம்முறை உயிரோடு இயங்கும் காட்சி வழியெங்கும் விரிந்து கிடந்தது.

இடையன்குடி

1841ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இடையன்குடி என்னும் ஊரை அடைந்தார். நெல்லைச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அணித்தாய், தேரி எனப்படும் செம்மணற் பரப்பில் அமைந்தது அவ்வூர். வெயிற்காலத்தில் காற்று வீசும்போது மணல் எழுந்து ஓடும். இன்று மேடாய் இருப்பது நாளை பள்ளமாகும். அந்நிலத்தில் நிலைத்து நிற்பது பனை ஒன்றே. அப்பனையை நம்பி வாழ்ந்தனர் அவ்வூர் மக்கள்.

அவர்தம் தொழிலுக்கு ஒரு தனிச் சொற்களஞ்சியமே உண்டு. அதிகாலையில் பாளை அரிவாளோடு பனையேறி மரம் ஏறுவார். பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். கலயத்தில் சொட்டுவது பதநீர். அதனை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. காலையிலும் மாலையிலுமாக நாளொன்றுக்கு இருமுறை, பல பத்து மரங்கள் ஏறி இறங்குதல் அன்னார் வாழ்க்கை. நுங்கு, பனம்பழம், கிழங்கு, ஓலை, மட்டை, நார் என்று அம்மரத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு பெயர், ஒரு பயன். சென்னைப் பண்டிதர் கற்பித்த இலக்கியங்களில் இச்சொற்களுட் பல இடம்பெறா. இவற்றை மரத்தடியில் நின்று கேட்டே கற்க வேண்டும். கால்டுவெல் அவ்வாறே கற்றார். பனையையும் தேரியையும் ஊர்த் தேவதைகளின் வழிபாட்டையும் பேயாட்டத்தையும் பற்றி அவர் எழுதியவை, அருகிருந்து கண்டவர் எழுதியவை என்பதில் ஐயமில்லை.

1844ஆம் ஆண்டில் அவர் எலைசா மால்ட் அம்மையாரை மணந்தார். அம்மையார் நாகர்கோவிலில் தொண்டு புரிந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மகளார். தென்னாட்டிலே வளர்ந்தமையால் தமிழ்ப் பேச்சு அவர்க்கு இளமை முதலே கைவந்தது. கணவர் நூலாலும் உழைப்பாலும் பெற்ற மொழி, மனைவியார்க்கு விளையாட்டோடு வந்த மொழி. ஊர்ப் பெண்களோடு உரையாடவும், பெண்மக்களுக்குப் பள்ளி நடத்தவும், நாகர்கோவிலில் வழங்கிய சரிகைப் பின்னல் போன்ற நூற்பின்னல் தொழிலை இடையன்குடியிற் பரப்பவும் அது துணை செய்தது. ஐயரின் தமிழறிவில் இவ்வம்மையாரின் பங்கு சிறிதன்று.

ஊரைத் திருத்தும் பணியும் உடன் நடந்தது. நேரிய தெருக்கள் வகுக்கப்பட்டன. கிணறுகள் தோண்டப்பட்டன. நிழல் தரும் மரங்கள் நடப்பட்டன. 1847ஆம் ஆண்டில் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் கட்டட வேலை 33 ஆண்டுகள் நீடித்து 1880ஆம் ஆண்டில் நிறைவேறியது. பொறுமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செவி தந்த இலக்கணம்

1856ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் வெளிவந்தது அவர்தம் பெருநூலாகிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை, வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதை அந்நூல் விரிவாக நிலைநாட்டியது. 1816ஆம் ஆண்டிலேயே எல்லிஸ் துரை இவ்வுண்மையைச் சுட்டிச் சென்றதுண்டு. அவர் காட்டிய சுவட்டைப் பெருவழியாக்கியவர் கால்டுவெல். 1875ஆம் ஆண்டு வந்த திருந்திய பதிப்பில் குடகு, தோடம், கோத்தம், கோண்டி, ஒராவோன் முதலியவற்றையும் சேர்த்து 12 மொழிகள் ஆராயப்பட்டன.

இந்நூலில் அவர் செவியின் கூர்மை எங்கும் விளங்குகின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். தமிழ் நெடுங்கணக்கில் க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகளுக்கு ஒவ்வொரு வடிவே உண்டு. ஆனால் நாம் பல் என்னும்போது ஒலிக்கும் பகரமும், தம்பி என்னும்போது ஒலிக்கும் பகரமும் ஒன்றல்ல. தலையிலுள்ள தகரம் வலியது, பந்திலுள்ள தகரம் மெலியது. எழுத்தைக் கண்ணாற் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு தெரியாது. பிறப்பிலே தமிழராகிய நமக்கும், பழக்கத்தினால் அது தோன்றுவதில்லை. கேட்டுக் கேட்டுக் கற்றவராகிய கால்டுவெல், சொல்லின் முதலிலும் இரட்டித்து வரும் இடத்திலும் வல்லெழுத்து வலிந்தே ஒலிக்கும், உயிர்களுக்கு இடையிலும் மெல்லெழுத்தை அடுத்தும் மெலிந்தே ஒலிக்கும் என்னும் நியதியைக் கண்டு வகுத்தார். பல்லைக் குறிக்கும் வடசொல்லில் முதல் தகரம் மெலிந்தும் இடைத் தகரம் வலிந்தும் ஒலிக்கும். அதுவே தமிழர் வாயில் தந்தம் என்றாகி, முதல் வலிந்தும் இடை மெலிந்தும் தலைகீழாய் மாறுகின்றது. இரவலாக வந்த சொல்லையும் தன் நியதிக்கு உட்படுத்தும் மொழி, தனக்கென ஓர் உயிர் உடையது அன்றோ!

கொச்சை என்று நாம் ஒதுக்கும் பேச்சு வடிவங்களும் ஒப்பாராய்ச்சியிற் பெருமதிப்புடையன. ஒன்று, ஐந்து என்பன நூல் வழக்கு. ஒண்ணு, அஞ்சு என்பன வீட்டு வழக்கு. மலையாளத்தார் ஒன்னு, அஞ்சு என்பர். ஏட்டுத் தமிழை மட்டும் அறிந்தவர்க்கு இவ்வுறவு சிறிது மறைந்து நிற்கும். அடுக்களைத் தமிழை அறிந்தவர்க்கோ அது தெளிவாகத் தோன்றும். செந்தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒருங்கே வைத்து நோக்கியமையாலேயே கால்டுவெலின் நூல் உறுதி பெற்றது.

அவர் கூறியன எல்லாம் இன்றும் ஏற்கப்படுகின்றன என்று கூறுதற்கில்லை. திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு அவர் இணைத்துக் கூறியது பின்வந்தோரால் ஏற்கப்படவில்லை. எனினும் அவர் இட்ட அடிப்படை அசையவில்லை. 1935ஆம் ஆண்டு முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் முதலியோரின் பேச்சை அவர் வாய்மொழியாகவே கேட்டெழுதிய எமனோ என்னும் அமெரிக்க அறிஞரும், பர்ரோ என்னும் ஆங்கில அறிஞரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. கால்டுவெல் நடந்த வழியிலேயே அவர்களும் சென்றனர் எனலாம்.

ஒரு குறை

பெரியோர் வாழ்க்கையை எழுதுவோர் குறைகளை மறைப்பது உண்டு. அது வாசிப்போர்க்கும் நன்மையன்று, அப்பெரியார்க்கும் பெருமையன்று. 1849ஆம் ஆண்டில் கால்டுவெல் தம் சுற்றுப்புறத்துப் பனைத் தொழில் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்தம் தொழிலையும் வழிபாட்டையும் கூர்ந்து நோக்கி எழுதிய அந்நூலில், அவர்தம் தோற்றத்தையும் அறிவையும் நிலையையும் குறித்து இழிவு தோன்றும் கருத்துகளும் இடம்பெற்றன. அயல்நாட்டு வாசகரை எண்ணி எழுதப்பட்ட நூல் அது. ஆனால் அவர் நிறுவிய பள்ளிகளே அம்மக்களின் மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்தன. கற்றவர் அந்நூலைப் படித்தனர். படித்து மனம் புண்பட்டனர். 1880ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அந்நூலுக்கு எதிராகக் கண்டனக் கூட்டங்களும் விண்ணப்பங்களும் எழுந்தன. முதுமை எய்திய அத்தியட்சர் அதன் துயரத்தை அனுபவித்தார்.

இதனால் நாம் அறிவது யாது? ஒரு மக்களின் சொற்களையெல்லாம் கற்றாலும், அம்மக்கள் தம்மைத் தாம் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதைக் கற்றல் அதனினும் அரிய பாடம். செவியால் மொழியைப் பெறலாம். மதிப்பினால் அன்றி மனத்தைப் பெறல் இயலாது. அவர்களைப் பற்றி எழுதுவோர், அவர்களே அதனைப் படிப்பர் என்று எண்ணி எழுதுதல் வேண்டும். இவ்வுண்மையைக் கால்டுவெலின் வாழ்க்கை, அதன் வெற்றியாலும் குறையாலும் ஒருங்கே கற்பிக்கின்றது.

ஆயினும் அவர் அவ்வூரை விட்டு விலகவில்லை. 1876, 1877ஆம் ஆண்டுகளில் தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சத்தில் நெல்லைச் சீமையில் நடந்த உதவிப் பணிகளில் முன்னின்று உழைத்தார்.

மண்ணிற் கண்ட பழமை

நடந்து காணும் பழக்கம் மொழியாராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்த சிற்றூர்களில் அவர் சுற்றித் திரிந்து ஆராய்ந்தார். பழைய கிரேக்க நூல்களில் முத்துக்குப் பெயர்பெற்ற துறையாகக் கூறப்படும் கொல்கை என்பது, அந்நாளில் கடலினின்று விலகிச் சிற்றூராய்க் கிடந்த கொற்கையே என்பதை வலியுறுத்தினார். ஆங்கு நிலத்தை அகழ்ந்து முதுமக்கள் தாழி முதலிய பழம்பொருள்களைக் கண்டார். வெனிஸ் நகரத்து யாத்திரிகராகிய மார்க்கோ போலோ குறித்த காயல் துறை இன்றைய பழையகாயல் என்பதை, நிலத்திற் சிதறிக் கிடந்த சீன நாட்டு மட்கல ஓடுகளையும் சான்றாகக் கொண்டு விளக்கினார். இவ்வாராய்ச்சிகளின் பயனாக 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு சீமையின் சரித்திரத்தை அச்சீமையின் வழிகளில் நடந்தவர் எழுதினால் எவ்வாறு இருக்கும் என்பதற்கு அந்நூல் ஒரு சான்று.

தமிழ் உரைநடையிலும் அவர் நற்கருணைத் தியானமாலை, தாமரைத் தடாகம் முதலிய நூல்களை இயற்றினார். தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் ஓர் உறுப்பினராய் இருந்து உழைத்தார். 1877ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் சார்ஜெண்டு ஐயரோடு அவரும் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

இறுதிக் காலம்

1891ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். உடல் நலிவுற்றமையால் கொடைக்கானல் மலையிற் சென்று தங்கினார். அம்மலை அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1985ஆம் ஆண்டு முதல் நம் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. சோழநாட்டையும் கொங்குநாட்டையும் பாண்டிநாட்டையும் இளமையில் நடந்து கடந்த கால்கள், நம் மாவட்டத்து மலையில் ஓய்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள், 77ஆம் வயதில், கால்டுவெல் ஐயர் கொடைக்கானலில் உயிர் நீத்தார்.

அவர் உடல் மலையிலே அடக்கம் செய்யப்படவில்லை. நெடுந்தொலைவு கடந்து இடையன்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவரே எழுப்பிய ஆலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. 53 ஆண்டுகளுக்கு முன் சென்னைத் துறையில் அயலவராய் இறங்கியவர், இறுதியில் அத்தேரி மணலுக்கு உரியவரானார். 1968ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த உலகத் தமிழ் மகாநாட்டின்போது கடற்கரையில் அவர்க்குச் சிலை நாட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்காள்! கால்டுவெலின் வரலாறு, தமிழை முறையாகப் பயிலும் நம்மை ஒரு கேள்வி கேட்கின்றது. அயல்நாட்டினர் ஒருவர் நம் மொழியைக் கேட்டற்பொருட்டு ஊர் ஊராக நடந்தார். அம்மொழியிலே பிறந்த நாம், நம் ஊரின் மொழியை எத்துணை கேட்டோம்? நன்னூற் சூத்திரங்களை ஒப்பிக்கும் நமக்கு, நம் தெருவிற் புழங்கும் சொற்கள் எத்துணை தெரியும்?

திண்டுக்கல் நகரிலே பூட்டுப் பட்டறைகள் உண்டு. ஒரு பூட்டின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றிற்கும் அத்தொழிலாளர் வாயில் ஒரு பெயர் உண்டு. தோல் பதனிடும் சாலையிலும், புகையிலைத் தோட்டத்திலும், சிறுமலையின் வாழைத் தோட்டத்திலும் அவ்வத்தொழிலுக்குரிய சொற்கள் வழங்குகின்றன. நாகல்நகரில் நெசவு செய்யும் குடும்பத்தார் வீட்டிற் சௌராஷ்டிர மொழி பேசித் தெருவில் தமிழ் பேசுவர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் தெலுங்கும் கன்னடமும் தாய்மொழியாக உடையோர் உளர். கடல் கடந்து சென்று ஸ்பானியம் கற்பார் பெறும் அப்பயிற்சிக்குரிய வாய்ப்பு, நம் கோட்டைக் குன்றின் அடிவாரத்திலேயே நம்மைச் சூழ்ந்து கிடக்கின்றது.

இச்சொற்களுட் பல மறைந்து வருகின்றன. பூட்டுப் பட்டறையின் மூத்தார் மறையும்போது அவரோடு அத்தொழிலின் சொற்களும் மறையும். பனையேறுவோர் தொகை குறையக் குறையப் பாளையும் கலயமும் அகராதியில் மட்டும் வாழும் சொற்களாகும். அகராதியிலும் ஏறாத சொற்களோ அடியோடு அழியும். கல்லூரி விடுமுறையில் நாம் மலையுலா செல்கின்றோம், ஓவியம் போன்ற காட்சிகளைக் கண்டு மகிழ்கின்றோம். அவ்வுலாவில் ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டு, வழியிற் காணும் உழவரிடமும் ஆயரிடமும் தோட்டக்காரரிடமும் மரத்தின் பெயரையும் மண்ணின் பெயரையும் காற்றின் பெயரையும் கேட்டெழுதி வருவோமாயின், அது தமிழுக்கு நாம் செய்யும் தொண்டாகும். கேட்கும்போது அன்னார் நமக்கு ஆசிரியர் என்னும் நினைவு நமக்கு இருத்தல் வேண்டும். கால்டுவெல் பெற்ற புகழும், அவர் பட்ட வருத்தமும் நமக்குப் புகட்டும் பாடம் அதுவே.

பெருநூல் எழுதும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நடக்கக் கால்களும் கேட்கச் செவிகளும் நம் எல்லார்க்கும் உண்டு. அவற்றைக் கொண்டு தொடங்குவோமாக.